வெள்ளையரிசி ஆக்க மாட்டேன் என்ற தையலக்கா

செய்தியைக் கொண்டுவந்தவள் கீரைக்காரி சின்னம்மாள். பினாங்கு மலையடியிலுள்ள ஆயர் ஈத்தாமிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, கூடையோடு எங்கள் வாசலில் நிற்பாள். இரண்டு கட்டு கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிடுவாள். அன்றைக்கு நடக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குங்க ஐயா. அக்கா கடைக்குக் கொண்டுபோற பங்கும் இதுலதான் இருக்கு. கடை சாத்தியிருக்கு."

"ஏன், அக்காவுக்கு இன்னும் சுகமில்லையோ?"

"விடியக்காலம் போயிட்டாங்க ஐயா."

கூடையிலிருந்த கங்கோங் கீரை முழுவதையும் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டு நின்றேன். தண்ணீர் சொட்டி வேட்டி நனைந்தது. என் மனைவி வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கீரையை வாங்கிக்கொண்டு போய் அலசத் தொடங்கினாள். துக்கச் செய்தி வந்த நாளில் இத்தனை கீரையையும் சமைக்கலாமா என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தையலக்காவின் துக்கத்தைப் பட்டினி கிடந்து கொண்டாட முடியாது.

அந்த வாரம் எங்கள் யாழ்ப்பாணத்தார் சங்கக் கூட்டம் நடந்தது. மறைந்த தையல்நாயகி அம்மாளுக்கு ஓர் அனுதாபத் தீர்மானம் வேண்டும் என்று எழுந்து சொன்னேன். முன்வரிசையிலிருந்த ஒருவர் சிரித்தார். "சமையற்காரிக்குத் தீர்மானமோ? நாளைக்குச் சலவைக்காரனுக்கும் வேணுமெண்டு கேப்பியள்." கேட்பேன் என்றேன். தீர்மானம் எடுக்கப்படவில்லை. ஆகவே அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

இதை வாசிப்பவர்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில், அவருடைய பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். உங்களில் சிலர் இன்று மோட்டார் காரில் போகிறீர்கள். இறங்கும்போது உங்கள் காலை ஒருமுறை குனிந்து பாருங்கள். அது உங்களைத் தாங்கி நிற்பதற்கு யார் காரணம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பதினாலாம் ஆண்டுப் பெரிய யுத்தத்துக்கு முந்திய காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த கிராணிமார் பதினொரு பேர் ஒரு வீட்டைக் கூட்டாக வாடகைக்கு எடுத்திருந்தோம். இப்படி இருக்கும் வீட்டைச் சமறி என்போம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. முறை வைத்து நாங்களே சமைத்தோம். ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் நேரே உள்ளே வந்து நின்றார். நல்ல உயரம். கறுத்த, எலும்பு தெரியும் முகம்.

"இங்க யாருப்பா சமைக்கிறது? தெரு முனை வரைக்கும் தீயிற வாசம் வருது."

யார் என்று கேட்டோம். நாகப்பட்டினத்திலிருந்து புருஷனோடு கப்பலேறி வந்தவர். புருஷன் துறைமுகத்தில் தொங்கான் படகிலிருந்து மூட்டை இறக்கும் வேலை செய்தவர்; மூட்டை சரிந்து மேலே விழுந்து இறந்து மூன்று மாதமாகிறது. ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னார்களாம். "அங்க போயி யாரு வாசல்ல நிக்கிறது? எனக்கு ஆக்கத் தெரியும். ஒங்களுக்குப் பசிக்கத் தெரியும்" என்றார். அடுப்பிலிருந்து கருகிய பானையை இறக்கியபடியே இதைச் சொன்னார். நாங்கள் சம்மதித்தோமா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. அன்று இரவுச் சாப்பாடு அவர் சமைத்தது.

அவருடைய சாப்பாட்டில் அதிசயம் எதுவும் இல்லை. புழுங்கலரிசிச் சோறு. பருப்பு. அன்றைக்கு பசாரில் எந்த மீன் மலிந்து கிடந்ததோ அந்த மீன் குழம்பு. ஏதாவது ஒரு கீரை. கங்கோங் இல்லையென்றால் முருங்கை, முருங்கை இல்லையென்றால் வேலியோரப் பசலை. பிறகு புளிரசமோ மோரோ. இவ்வளவுதான். ஒருமுறை கதிரவேலு என்ற நண்பர், உடம்புக்கு எது நல்லது என்று அவரிடம் கேட்டார். தையலக்கா சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "நெல்லு மணம் போகாத சோறு. தட்டுல ஒரு பச்சை, ஒரு புளிப்பு. இது இருந்தாப் போதும். அதுக்கு மேல என்ன வேணும்னாலும் தின்னுங்க, நான் காவல்காரி இல்ல."

கதிரவேலுவுக்கு அது போதவில்லை. ஏதோ ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் ஒவ்வொரு கவளத்தையும் முப்பது தடவைக்கு மேல் மென்று விழுங்க வேண்டும் என்று வாசித்திருந்தார். வேலை பார்க்கும் கந்தோரிலிருந்து கடிதம் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து சோற்றையும் மீனையும் நிறுத்தார். நாங்கள் சாப்பிட்டுக் கைகழுவி வெற்றிலையும் போட்டு முடிக்கும்போது அவர் நாலாவது கவளத்தில் இருப்பார். மீன் ஆறிப்போயிருக்கும். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ஒருநாள் தையலக்கா அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன தம்பி முணுமுணுக்கிறீங்க? மந்திரமா?"

"எண்ணுறன் அக்கா. இருவத்தி மூண்டு. குழப்பாதையுங்கோ."

"வாய் மென்னாப் போதும் தம்பி. மனசையும் சேத்துப் போட்டு மெல்லாதீங்க."

பத்துப் பேரும் சிரித்த சிரிப்பில் கதிரவேலுவுக்குப் புரையேறிவிட்டது. தராசு மறுநாளே கந்தோருக்குத் திரும்பிப் போயிற்று.

அவரைப் பத்தியக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. டுரியான் காலம் வந்தால் பாலிக் புலாவிலிருந்து மாட்டுவண்டியில் வரும் பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கி வருவார். வீட்டு முற்றத்தில் குந்தி உட்கார்ந்து நாங்கள் பன்னிரண்டு பேரும் வயிறு வெடிக்கத் தின்போம். அன்றைக்குச் சமையல் கிடையாது. "தின்னுட்டு ஒடம்பு சூடாச்சே, பாவமாச்சேன்னு பொலம்பாதீங்க. இன்னிக்கு டுரியான். நாளைக்குக் கீரை. அவ்ளோதான்லா" என்பார். பினாங்குக்கு வந்து இரண்டு வருடத்தில் அந்த 'லா' அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கந்தோரில் தமிழர்களுக்குள் பெரிய பதவியில் இருந்தவர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். அவர் பெயர் வேண்டாம். சோற்றுப் பானையைத் திறந்ததும் புழுங்கலரிசியின் வாசம் வந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "கூலிகளுக்குப் போடுற அரிசியெல்லோ இது? நீங்களெல்லாம் அரசாங்க உத்தியோகத்தர். நீங்களும் இதையோ தின்னுறியள்?" என்றார்.

எங்கள் பதினொரு பேரின் தாய்மாரும் ஊரில் ஆக்கியது அதே அரிசியைத்தான். அதைத் தின்றுதான் வளர்ந்தோம், பள்ளிக்கூடம் போனோம், சோதனை பாஸ் பண்ணினோம். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் சமறியின் செயலாளர். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மறுநாளே கூட்டம் கூட்டித் தீர்மானம் கொண்டுவந்தேன். இனி ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி மட்டுமே சமைக்க வேண்டும். கூலிச் சாப்பாடு போலக் கீரையும் பருப்பும் தினமும் வரக் கூடாது. செல்லையா மட்டும் கை தூக்கவில்லை. அவன்தான் எங்களில் இளையவன், என் ஊர்க்காரன், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுபவன். "எனக்கு அக்காவின்ரை சோறு பிடிக்கும்" என்றான். நான் அவனை முறைத்தேன். பிறகு கை தூக்கினான்.

சமையலறைக்குப் போய் முடிவைச் சொன்னேன். தையலக்கா மீன் அரிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வெள்ளையரிசி நான் ஆக்க மாட்டேன்."

"ஏன் அக்கா? விலை எங்கட பாடு. நீங்கள் சமைச்சால் போதும்."

"எங்க சந்துல மரம் அறுக்குற சீனவுக இருக்காங்கல்ல, ஒரே வீட்டுல இருவது பேரு. வெள்ளவெளேர்னு சோறு, ஒரு துண்டு கருவாடு. வேற ஒண்ணும் கெடையாது. போன வருசத்துலேருந்து ஒவ்வொருத்தனா காலு வீங்கி வண்டியில ஏத்திக்கிட்டுப் போறாங்க. போனவன்ல பாதிப்பேரு திரும்பல. அரிசியத் தீட்டுற ஆலையில தவிட்ட எங்க போடுறான் தெரியுமா? பன்னிக்கும் வாத்துக்கும். வாத்து நல்லா நடக்குது. மனுசன் படுத்துக் கெடக்கான்."

"அது மண்ணிலையிருந்து வாற காய்ச்சல் எண்டு டாக்குத்தர்மார் சொல்லியினம், அக்கா. சோத்தாலை ஆருக்கும் கால் வீங்குமோ?"

இப்போதுதான் நிமிர்ந்தார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது கிராணி தம்பி. கண்ணு தெரியும். நான் ஆக்கிப் போட்ட சோத்துல ஒருத்தன் காலு வீங்குச்சுங்கிற பேரு எனக்கு வேணாம்."

அப்படியானால் நீங்கள் போகலாம் என்றேன். அரிந்த மீனை வீணாக்காமல் குழம்பு வைத்து இறக்கினார். எல்லாருக்கும் பரிமாறினார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு போனார். அவர் அழுவார், கெஞ்சுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

புதிதாக ஒரு சமையற்காரன் வந்தான். வெள்ளைச் சோறு மல்லிகைப் பூப்போல இருந்தது. அதற்குப் பொரித்த கருவாடு, தண்ணீர் போல ஒரு குழம்பு. பிறகு டப்பாப் பால் ஊற்றிய தேநீரும் பிஸ்கோத்தும். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். நாலாவது மாதம் செல்லையா படிகளை ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கினான். கால் கனக்கிறது என்றான். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப நேரமெடுத்தது. பிறகு கதிரவேலுவுக்கு. பிறகு எனக்கு, மற்றவர்களுக்கும். கந்தோருக்கு நடந்து போகையில் என் ஒரு செருப்பு கழன்று தெருவில் கிடந்தது. பின்னால் வந்தவர் எடுத்துக் கொடுத்தபோதுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது.

அந்த நோயின் காரணம் இன்னதென்று அந்த நாளில் உறுதியாகச் சொல்பவர் குறைவு. நச்சுக் காற்று என்றார்கள், ஈரச் சுவர் என்றார்கள். அரிசிதான் என்று சொன்ன வைத்தியர்களும் இருந்தார்களாம், எங்களைப் போன்றவர்கள் காதில் அது விழவில்லை. எங்களைப் பார்த்த வைத்தியர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அடித்தோம். தரையைக் கழுவச் சொன்னார். கழுவினோம். ஒரு திங்கட்கிழமை காலை செல்லையா கந்தோருக்குப் புறப்பட்டு, கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தான். "அண்ணை, நெஞ்சு படபடக்குது" என்றான். நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு சப்பாத்துக் கயிறு கட்டாமலே கிடந்தது. அவன் போய்விட்டான்.

அவனை எரித்துவிட்டு வந்த மறுநாள். தலையில் ஒரு பானையும் கையில் ஒரு தூக்குவாளியுமாகத் தையலக்கா வந்தார். வாசலில் மறித்த சமையற்காரனை ஒரு பார்வை பார்த்தார், அவன் விலகினான். நான் எழுந்து நிற்க முடியாமல் படுத்திருந்தேன். அவர் ஆறுதல் சொல்ல வரவில்லை.

"இன்னும் எத்தன பேர அனுப்பப் போறீங்க?"

பானையை இறக்கிக் கட்டிலருகே வைத்தார்.

"எந்திரிங்க. இது தவிட்டுக் களி, கருப்பட்டி போட்டிருக்கேன். இது பச்சப்பயத்தங் கஞ்சி, புழுங்கலரிசியில. நல்லாருக்காது. குடிங்க."

"அக்கா, எங்கட தீர்மானம்..."

"கால் எந்திரிச்சு நிக்கட்டும். அப்புறம் எத்தன தீர்மானம் வேணும்னாலும் போடுங்க."

அந்த நேரத்தில் வைத்தியர் வந்துவிட்டார். பானையைப் பார்த்து, கண்டதையும் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். தையலக்கா எழுந்து அவர் முன்னால் நின்றார். அவரைவிட உயரமாக இருந்தார். "உங்க மருந்தையும் குடிக்கட்டும் ஐயா. என் கஞ்சியையும் குடிக்கட்டும். எதுல எந்திரிச்சா உங்களுக்கென்ன? எந்திரிச்சாப் போதும்ல?" தினமும் இருவேளை அந்தப் பானை வந்தது. நாலைந்து நாளில் கதிரவேலு படியேறினார். எனக்கு மாதக்கணக்காயிற்று; ஆனாலும் நடந்தேன். பத்துப் பேரும் நடந்தோம்.

அவரைத் திரும்ப அழைக்க ஏகமனதாக முடிவு செய்து நானே போய்ச் சொன்னேன். அதற்குள் அவர் சூலியா தெருவை ஒட்டிய சந்தில், அரிசி மண்டி வைத்திருந்த மரைக்காயர் ஒருவர் விட்டுக்கொடுத்த முன்கட்டில் சோற்றுக்கடை வைத்திருந்தார். இரண்டு நீளப் பலகை, ஒரு அடுப்பு. துறைமுகத்துக் கூலியாட்களும் வண்டிக்காரர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முன்பு சொன்ன அந்த மரம் அறுக்கும் சீனர்களில் ஒருவன், ஆ செங் என்று பெயர், தடியை ஊன்றிக்கொண்டு பலகையின் ஓரத்தில் இருந்தான். அவனுக்குச் சோறும் பயறும் கீரையும் போட்டு, "மக்கான் இனி, ஹாரி ஹாரி" என்று மலாயில் அதட்டிக்கொண்டிருந்தார். இதைச் சாப்பிடு, தினமும் சாப்பிடு என்று அர்த்தம். அவன் பயந்தபடி தின்றான். அடுத்த மாதம் தடியில்லாமல் வந்தான். தன் கூட்டத்தையே கூட்டி வந்தான்.

"சமறிக்கு வரமாட்டேன். இங்க இத்தன பேரு இருக்காங்க. ஒங்களுக்கு வேணும்னா நீங்க வாங்க. பலகையில எடம் இருக்கு" என்றார்.

போனோம். வெள்ளைக் கோட்டும் காற்சட்டையும் போட்ட பத்துக் கிராணிமார், மூட்டை தூக்கிய வியர்வையோடு இருந்தவர்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் நாள் தலைகுனிந்து சாப்பிட்டோம். மூன்றாம் நாள், அன்றைக்கு மூக்கைப் பொத்திய அதே பெரிய மனிதர் ரிக்‌ஷாவில் அந்த வழியே போனார். எங்களைப் பார்த்துவிட்டார். மறுநாள் என்னைத் தம் மேசைக்கு அழைத்தார்.

"கூலிகளோடை ஒரே பலகையிலை இருந்து சாப்பிடுறது கந்தோருக்கே வெக்கக்கேடு. தெரியுமோ?"

நான் குனிந்து காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினேன். காலை அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நீட்டி, விரலால் அழுத்திக் காட்டினேன். "பாருங்கோ ஐயா. கொஞ்ச நாளைக்கு முன்னம் அமத்தினால் குழி விழும். இப்ப விழேல்லை. செல்லையாவுக்கு விழுந்தது, உங்களுக்கு ஞாபகமிருக்கும். அண்டைக்கு நீங்கள் மூக்கைப் பொத்தினீங்கள், நான் வெக்கப்பட்டன். இனி வெக்கப்பட மாட்டன்." சுற்றியிருந்த மேசைகளில் பேனாச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு வரவேண்டிய உயர்வு பிந்தித்தான் வந்தது. பிந்தட்டும். நான் அன்று மத்தியானமும் அந்தப் பலகைக்குப் போனேன்.

வருடங்கள் கழித்து அந்த நோய்க்குத் தீட்டிய அரிசியே காரணம் என்று பத்திரிகைகள் ஐயமில்லாமல் எழுதின. ஒரு கட்டுரையைக் கடைக்குக் கொண்டுபோய்த் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "அதான் அப்பவே சொன்னேனே. மீன் ஆறுது, சாப்புடுங்க."

இந்த முப்பதுகளில் வேறொரு வேடிக்கை வந்தது. பளபளப்பான தோல்பெட்டியோடு ஒரு விற்பனைக்காரர் கடைக்கு வந்தார். தவிட்டுச் சத்தை வடித்து எடுத்த மருந்தாம். தினம் இரண்டு கரண்டி கரைத்துக் குடித்தால் உடம்புக்கு வேறெதுவும் வேண்டாமாம். கடையில் ஒரு விளம்பரப் பலகை மாட்டச் சொன்னார். அக்கா டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார். "இது தவிடுதானே?" என்றார். ஆமாம், அதன் சத்து என்றார் அவர் பெருமையாக.

"அரிசியிலேருந்து தவிட்ட எடுத்துட்டு வெள்ளையா விப்பீங்க. அதத் தின்னு கால் வீங்குனா, எடுத்த தவிட்ட டப்பாவுல அடைச்சு மறுபடி விப்பீங்க. எடுக்காமலே விட்டா என்ன கொள்ளையா போவுது? போங்கலா! பலகையில உக்காந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போங்க."

அந்த மனிதர் உண்மையாகவே உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் தரம் கேட்டும் வாங்கினார்.

அவரிடம் நான் ஒருநாள் சொல்லியே தீரவேண்டியிருந்த ஒன்று இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் அதைத் தொண்டையில் வைத்திருந்தேன். போன மழைக்காலத்தில், மதிய நெரிசல் ஓய்ந்து அவர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அக்கா, செல்லையா என்ரை தீர்மானத்தாலைதான் செத்தவன்."

இல்லை தம்பி, அது அவன் விதி என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். தையலக்கா துணியைப் பிழிந்தார்.

"ஆமா" என்றார்.

பிறகு தட்டை எடுத்து எனக்கு முன்னால் வைத்துச் சோறு போட்டார். "ஆமாதான். அதுக்காக நீங்க வாடிக் கெடந்தா அவன் வந்துருவானா? சாப்புடுங்க. சாப்புட்டுட்டு நாலு பேருகிட்ட சத்தமா சொல்லுங்க. வெக்கத்துக்காகத் திங்காதீங்கடான்னு சொல்லுங்க." கீரையைப் போட்டார். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் அதைக் கவனிக்காதவர்போல அடுப்பைக் கூட்டினார். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. அது போதும் என்றிருக்கிறது.

கடைசி வாரம் வரை அடுப்படியில்தான் நின்றார். படுத்தது மூன்றே நாள். பக்கத்தில் இருந்தவர்கள், அந்த மூன்று நாளும் கடையில் யார் ஆக்குகிறார்கள், என்ன அரிசி என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்றார்கள். ஆ செங்கும் அவன் ஆட்களும் பாடையைத் தூக்கும் முறைக்குத் துறைமுகத்துக்காரர்களோடு சண்டை பிடித்தார்கள். அந்த ஊர்வலத்தில் எங்கள் சங்கத்திலிருந்து வந்தவர்கள் நாலு பேர்.

அவர் போன பதினாறாம் நாள் கழிந்த பிறகு ஒரு கலியாண வீட்டுக்குப் போனேன். நல்ல வசதியான குடும்பம். பந்தி இரண்டு இடத்தில் போட்டிருந்தார்கள். நான் கொட்டகைப் பக்கமாகத் திரும்பியதும் மாப்பிள்ளையின் தகப்பனார் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். காதோடு குனிந்து, "அங்கை போகாதையுங்கோ. அது டிறைவர்மாருக்கும் வேலையாக்களுக்கும். புழுங்கல் போட்டிருக்கு. உங்களுக்கு உள்ளை நல்ல வெள்ளைச் சோறு" என்றார்.

"எனக்குப் புழுங்கல்தான் வேணும்" என்றேன். கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சிவந்தது. நான் போய் ஒரு கார் டிரைவருக்கும் பந்தல் போட்டவருக்கும் நடுவே உட்கார்ந்து இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். உள்ளே இருந்து கதிரவேலு எழுந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

தையலக்காவின் படம் என்னிடம் இல்லை, அவர் எடுத்துக்கொண்டதுமில்லை. அவருடைய பாத்திரம் பண்டம் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. என்னிடம் இருப்பது ஒரு குரல். அடுத்தவன் தட்டில் இருக்கும் சோற்றை யாராவது தாழ்த்திக் காதோடு பேசினால், கூடம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்கிற குரல். ஐம்பது வயதுக்குப் பிறகுதான் அது எனக்கு ஒழுங்காக வந்திருக்கிறது. இனி அதைத் தாழ்த்துவதாக இல்லை.